காது ஜவ்வில் வெள்ளைத் திட்டு, உள்வாங்கிய ஜவ்வு: எதை மறந்துவிடலாம், எதைக் கவனிக்க வேண்டும்?

செவித்திறன் பரிசோதிப்பது என் வேலை. காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து கையில் சீட்டோடு வருகிறவர்களில் பலரும் முதலில் கேட்பது, இனி நடக்கப்போகும் சோதனையைப் பற்றி அல்ல. சீட்டில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு சொல்லைப் பற்றித்தான்.

அப்படி வந்தவர் ஒரு அம்மா. நாற்பதைத் தாண்டிய வயது. காதில் குறும்பி அடைத்துக்கொண்டது என்று வந்திருந்தார். அதை எடுத்த பிறகு மருத்துவர் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தபோது, ஜவ்வில் பிறை வடிவில் வெள்ளையாக ஒரு திட்டு திரையில் தெரிந்தது. "பழைய தழும்புதான், ஒன்றும் செய்ய வேண்டாம். எதற்கும் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவின் மனதில் தங்கியது திரையில் பார்த்த வெள்ளை மட்டும்தான். "மேடம், காதுக்குள்ள சுண்ணாம்பு பூத்திருக்குதாம். இனிமே காது கேக்காதா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

அவருக்கு அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். காது பார்க்கும்போது அடிக்கடி கண்ணில் படும் விஷயங்கள் இரண்டு: ஜவ்வில் வெள்ளைத் தழும்பு, உள்பக்கமாக இழுக்கப்பட்ட ஜவ்வு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தொந்தரவு தருவதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தழும்பு, என்றோ முடிந்துபோன ஒன்றின் தடம். உள்வாங்கல், இன்னும் நடந்துகொண்டிருக்கக் கூடிய ஒன்று. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி சரியான இடத்தில் நிற்கும்.

முதலில், நல்ல ஜவ்வு எப்படி இருக்கும்? செவிப்பறை என்று புத்தகத்தில் படித்ததைத்தான் நாம் பேச்சில் ஜவ்வு என்கிறோம். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம், அதற்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். ஒரு தாளின் கனம்தான். முத்துச் சாம்பல் நிறத்தில், லேசாக ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். தட்டையாக இருக்காது, ஸ்பீக்கரின் நடுப்பகுதி போல உள்நோக்கிக் குவிந்திருக்கும். சுத்தி எலும்பின் கைப்பிடி அதன் நடுவரை பதிந்திருக்கும். விளக்கை அடித்தால் முக்கோணமாக ஒரு ஒளிக்கீற்று மின்னும். ஜவ்வைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், வலது காதில் ஐந்து மணி இருக்கும் பக்கம், இடது காதில் ஏழு மணி இருக்கும் பக்கம்.

இந்தத் தாள் கனத்துக்குள்ளேயே மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வெளியே தோல், உள்ளே நடுக்காதின் ஈரச்சவ்வு, இரண்டுக்கும் நடுவே நார் அடுக்கு. கயிற்றுக் கட்டிலின் பின்னல் மாதிரி, நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் நார்களும் வட்டமாகச் சுற்றி ஓடும் நார்களும் சேர்ந்து ஜவ்வை விறைப்பாக வைத்திருக்கின்றன. மேலே ஒரு சின்னப் பகுதியில் மட்டும் இந்தப் பின்னல் ஒழுங்காக இருக்காது, அதனால் அந்த இடம் தொய்வாக இருக்கும். 1832-இல் ஷ்ராப்னெல் என்ற ஆங்கில மருத்துவர் அதைத் தனியாக விவரித்தார். இன்றும் அவர் பெயரில் அதைச் சொல்வதுண்டு. அந்தத் தொய்வான மூலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வர வேண்டியிருக்கிறது.

வெள்ளைத் திட்டு உருவாவது நடுவில் இருக்கும் அந்த நார் அடுக்கில்தான். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்திருக்கலாம். பல மாதம் நடுக்காதில் நீர் கோத்து நின்றிருக்கலாம். அதற்காக ஜவ்வில் கிரோமெட் என்ற குட்டிக் குழாய் வைத்திருக்கலாம். ஓட்டை விழுந்து தானே மூடியிருக்கலாம். இப்படிப் புண்பட்ட நார்கள் ஆறும்போது சில இடங்களில் கண்ணாடி போல இறுகிவிடுகின்றன; அதன் மேல் கால்சியம் உப்பு படிகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதுதான் சுண்ணாம்பு பூசியது போல, பிறையாகவோ குதிரை லாடம் போலவோ தெரிகிறது. அது சீழ் அல்ல, பூஞ்சை அல்ல, குறும்பியும் அல்ல. முழங்காலில் விழுந்து அடிபட்ட இடத்தில் தோல் நிறம் மாறி நிற்பதைப் போன்ற ஒன்று.

அந்த அம்மாவிடம் சின்ன வயதைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: மூன்றாவது நான்காவது படிக்கும்போது மழைக்காலம் வந்தாலே காது வடியும், பாட்டி பஞ்சைத் திரித்து வைத்து அனுப்புவார், தலையணை உறையில் கறை இருக்கும். பெரிய மனுஷியான பிறகு நின்றுவிட்டது, அவரும் மறந்துபோனார். ஜவ்வு மறக்கவில்லை.

சரி, தழும்பு இருந்தும் காது எப்படிக் கேட்கிறது? ஒலி வந்து மோதும்போது ஜவ்வு அதிர்கிறது, அந்த அதிர்வு சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிறு எலும்புகள் வழியாக உள்காதுக்குப் போகிறது. ஜவ்வின் ஒரு பகுதி மட்டும் விறைத்திருந்தால் மற்ற பகுதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் கேட்கும் திறனில் இழப்பே இருக்காது, அல்லது சோதனையில் மட்டும் தெரியும் அளவுக்குச் சொற்பமாக இருக்கும். ஜவ்வின் பெரும்பகுதியைத் திட்டு பிடித்துக்கொண்டாலோ, அதே படிவு நடுக்காதுக்குள் போய் எலும்புகளை அசையவிடாமல் கட்டிப்போட்டாலோதான் கேட்பது குறையும்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. ஜவ்வோடு மட்டும் நிற்கும் தழும்புக்கு மைரிங்கோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். நடுக்காதுக்குள்ளும் பரவியிருந்தால் டிம்பனோஸ்கிளிரோசிஸ். ஆனால் பல சீட்டுகளில் இரண்டுக்குமே இரண்டாவது பெயரைத்தான் எழுதுகிறார்கள். அதைக் கைபேசியில் தேடிப் பார்ப்பவர் அறுவை சிகிச்சை வரை படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல் வருகிறார். இன்னும் சிலர் ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று படித்துக்கொள்கிறார்கள். அது முற்றிலும் வேறு நோய். அதில் ஜவ்வு பெரும்பாலும் நன்றாகவே தெரியும், அங்கவடி எலும்பின் அடிப்பகுதிதான் இறுகும். நரம்பைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோ என்று பயந்து வந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஸ்கிளிரோசிஸ் என்றால் இறுகிப்போதல், அவ்வளவுதான். எங்கே இறுகியது என்பதை அந்தச் சொல்லின் முன்பாதி சொல்கிறது.

இந்தத் திட்டைக் கரைக்கச் சொட்டு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. எண்ணெய் விட்டால் போகாது. வெளித்தோலுக்கு அடியில் இருப்பதால் சுரண்டி எடுக்கவும் முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு கால்சியம் மாத்திரை சாப்பிடும் பெண்கள், "அதை நிறுத்திடட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம், இந்தத் திட்டு அந்த மாத்திரையால் வந்ததல்ல. பழைய புண் ஆறிய இடத்தில் உடலே படியவைத்த உப்பு இது.

தழும்பில் இன்னொரு வகையும் உண்டு, இதற்கு நேர் எதிரானது. ஓட்டை மூடும்போது சில சமயம் வெளித்தோலும் உள்சவ்வும் மட்டும் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும், நடுவில் நார் அடுக்கு திரும்ப வராது. அந்த இடம் வெங்காயச் சருகு போல மெல்லியதாக, உள்ளே இருப்பது தெரியும்படி இருக்கும். அவசரமாகப் பார்த்தால் ஓட்டை என்றே தோன்றும். எத்தனையோ பேர் "காதுல ஓட்டை இருக்கு, தண்ணி படக் கூடாது" என்று வருடக்கணக்காக நீச்சலைத் தவிர்த்துவிட்டு, கடைசியில் ஓட்டை எப்போதோ மூடிவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள். டிம்பனோமெட்ரி என்ற சோதனையில் இதைப் பிரித்தறியலாம். காதில் ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை லேசாகக் கூட்டிக் குறைக்கும்போது, முனைக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கருவி காட்டும். வயது வந்தவருக்கு அது ஒன்று, ஒன்றரை மில்லி அளவில் இருக்கும். ஓட்டை இருந்தால் நடுக்காதின் இடமும் சேர்ந்துகொள்வதால் எண் நன்றாக ஏறிவிடும். வலி இல்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது உள்வாங்கிய ஜவ்வு. இதைப் புரிந்துகொள்ள நடுக்காதை ஒரு மூடிய அறையாக நினைக்க வேண்டும். அந்த அறையின் சுவர்ச்சவ்வு உள்ளே இருக்கும் காற்றை ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. குறைந்த காற்றை நிரப்ப இருக்கும் ஒரே வழி, மூக்கின் பின்பகுதியிலிருந்து வரும் மூன்றரை சென்டிமீட்டர் நீளக் குழல். பதினாறாம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டாச்சியின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் என்கிறோம். அது சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும்.

சளியோ ஒவ்வாமையோ வந்து அந்தக் குழல் வீங்கி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? உள்ளே காற்று குறைந்துகொண்டே போகும், வெளிக்காற்று ஜவ்வை உள்ளே தள்ளும். ஜூஸ் பாக்கெட்டை ஸ்ட்ராவால் உறிஞ்சும்போது அதன் பக்கங்கள் ஒட்டிப்போகுமே, அதுதான். இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் பஸ் இறங்கும்போது காது கும்மென்று அடைக்கிறதல்லவா? கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது, ஜவ்வு உள்வாங்குகிறது. எச்சிலை விழுங்கியதும் டப்பென்று திறந்து பழைய நிலைக்கு வருகிறது. மலையிறக்கத்தில் சில நிமிடம் நடப்பது, மூக்கடைப்பு விடாமல் இருப்பவருக்கு வாரக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிறது.

திரையில் அப்படிப்பட்ட ஜவ்வு தனியாகவே தெரியும். சுத்தி எலும்பின் கைப்பிடி குட்டையாகி, படுத்துவிட்டது போல இருக்கும். ஒளிக்கீற்று உடைந்திருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதச் சொல்லி, ஜவ்வு வெளியே நகர்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். என் அறையில் டிம்பனோமெட்ரி வரைபடத்தில் மலைமுகடு போன்ற கோடு, நடுவில் இருப்பதற்குப் பதிலாக இடதுபக்கமாக, மைனஸ் எண்கள் இருக்கும் பக்கம் நகர்ந்திருக்கும். அதை ‘சி’ வகை என்று குறிப்போம். ஆனால் ஒரு தடவை ‘சி’ வந்துவிட்டது என்பதற்காகக் கவலைப்படக் கூடாது. ஜலதோஷம் பிடித்த குழந்தைக்கு இன்று ‘சி’ வரும், சளி விட்டதும் தானே சரியாகும். குழந்தைகளின் குழல் குட்டை, படுக்கைவாட்டம் அதிகம், அதனால் சீக்கிரம் அடைக்கிறது. வளர வளர நீண்டு சரிவாகிறது.

உள்வாங்கலின் ஆழத்தை 1976-இல் சதே என்ற மருத்துவர் தந்த முறையில் நான்கு படிகளாகச் சொல்வார்கள். லேசாக உள்ளே போனது முதல் படி. பட்டடை எலும்பைத் தொடும் அளவுக்குப் போனது இரண்டாவது. நடுக்காதின் உள்சுவரைத் தொடுவது மூன்றாவது, அதில் ஒட்டியே போய்விடுவது நான்காவது. சீட்டில் முதல் படி என்று இருந்தால், காதும் நன்றாகக் கேட்டால், மூக்கைக் கவனித்துக்கொண்டு அவ்வப்போது காட்டினால் போதும். இரண்டாவது படியில் இருந்துகொண்டு பல வருடம் எந்த மாற்றமும் இல்லாமல் வந்துபோகிறவர்களும் உண்டு.

படியைவிட முக்கியமாக நான் நினைப்பது, அந்தக் குழியின் அடி கண்ணுக்குத் தெரிகிறதா, காய்ந்திருக்கிறதா என்பதைத்தான். ஜவ்வின் மேல்தோல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நடுவிலிருந்து விளிம்புக்கும், அங்கிருந்து காதுத் துவாரத்தின் வழியாக வெளியேயும், ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பி தானாக வெளியே வருவது இந்த நகர்வால்தான். ஜவ்வில் வைத்த கிரோமெட் குழாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானே விழுந்துவிடுவதும் இதனால்தான். குழி அகலமாக, ஆழம் குறைவாக இருந்தால் உதிர்ந்த தோலும் இந்த ஓட்டத்தில் வெளியே வந்துவிடும். வாய் குறுகி உள்ளே பை போல விரிந்திருந்தால் வெளியே வர வழியில்லாமல் சேரத் தொடங்கும். ஷ்ராப்னெல் விவரித்த அந்தத் தொய்வான மேல்மூலையில் இப்படிப் பை விழுவது அதிகம். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பொருக்கைக் குறும்பி என்று நினைத்து விட்டுவிடாமல், எடுத்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று மருத்துவர்கள் பார்ப்பது அதற்காகத்தான்.

பையில் தோல் சேர்ந்துகொண்டே போனால் அது கொலஸ்டீடோமா. 1838-இல் யோஹன்னஸ் முல்லர் வைத்த பெயர். கேட்டால் கொழுப்புக்கட்டி போலவும் புற்றுநோய் போலவும் ஒலிக்கும். இரண்டும் இல்லை, இடம் தவறிச் சேர்ந்த தோல்தான். ஆனால் அது பக்கத்து எலும்பை மெல்ல அரிக்கும். பெரும்பாலும் முதலில் போவது பட்டடை எலும்பின் நுனி. இன்னும் போனால் முகத்தை அசைக்கும் நரம்பு, உள்காது, மூளையின் உறை வரை போகலாம். இதற்கு அறுவை சிகிச்சைதான் வழி, காலம் தாழ்த்தக் கூடாது.

என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைப்பது இதுதான்: இந்த நோயில் பல சமயம் வலியே இருப்பதில்லை. கொஞ்சமாகக் காது வடியும், ஒரு மாதிரி அழுகிய வாடை வரும், அவ்வளவுதான். "வலி இல்லையே, சூட்டுக்கு வடியுது" என்று நம் வீடுகளில் தள்ளிப்போட்டுவிடுகிறோம். தெரிந்துகொண்டே கெடுதல் செய்பவர் யாரும் இல்லை. வலியைத்தான் நோயின் அளவாக நாம் பழகியிருக்கிறோம், காது விஷயத்தில் அந்த அளவுகோல் பொய்த்துப்போகிறது. வாடையோடு வடிதல், கேட்பது குறைதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைசுற்றல், முகம் ஒருபக்கம் கோணுதல், காதுக்குப் பின்னால் வீக்கம், காய்ச்சலோடு கடும் தலைவலி இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எல்லாம் பெரும்பாலும் மூக்கைப் பற்றியதுதான். ஒவ்வாமையால் தினமும் தும்மல் வருகிறதா, குழந்தை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறதா, அதற்கு மருத்துவம் பாருங்கள். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருந்தாலும் காதுக் குழல் அடைக்கும். வீட்டுக்குள் சிகரெட் பிடிக்க வேண்டாம். "சளியை உறிஞ்சாதே, சிந்து" என்று அம்மாக்கள் சொல்வது வெறும் நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. பலமாக உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் நடுக்காதின் காற்றும் சேர்ந்து இழுபடலாம், அது பழக்கமாகிவிட்டால் ஜவ்வு உள்வாங்குவதற்கு அதுவே ஒரு காரணம். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். குழலைத் திறக்கும் தசை அண்ணத்தில்தான் இருக்கிறது. அண்ணத்தைத் தைத்து மூடிய பிறகும் அந்தத் தசை சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஆகவே பேச்சுப் பயிற்சிக்குப் போகும்போதே காதையும் தவறாமல் காட்டிவர வேண்டும்.

அப்புறம், காய்ச்சிய எண்ணெய், பூண்டு போட்ட எண்ணெய், பட்ஸ், ஊக்கு எதுவும் வேண்டாம். தழும்பை அவை ஒன்றும் செய்யாது. மெலிந்த ஜவ்வைக் கிழிக்கும், ஓட்டை இருந்தால் நேராக நடுக்காதுக்குள் போகும். மூக்கைப் பொத்தி ஊதுவதையும் பலம் கொடுத்துச் செய்யாதீர்கள். சளி பழுத்து மஞ்சளாக இருக்கும் நாட்களில் செய்யவே வேண்டாம், அந்தச் சளி குழல் வழியாகக் காதுக்கு ஏறிவிடும்.

அந்த அம்மாவைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுத்தேன். ஹெட்போன் வழியாக ஒருமுறை, காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கும் அதிர்வுக் கருவி வழியாக ஒருமுறை. ஜவ்விலோ சிறு எலும்புகளிலோ கோளாறு இருந்தால் எலும்பு வழிக் கோடு நன்றாக இருக்கும், ஹெட்போன் கோடு மட்டும் கீழே இறங்கி இரண்டுக்கும் இடைவெளி விழும். அவருக்கு இரண்டு கோடுகளும் ஒட்டியே ஓடின. எல்லாப் புள்ளிகளும் 15 டெசிபெல்லுக்குள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவுகோலின்படி 20-க்குக் கீழே இருந்தால் இயல்பான செவித்திறன்.

தாளை அவர் பக்கம் திருப்பி, கோடுகளை விரலால் காட்டினேன். இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு மருத்துவரிடம் திரும்பிப் போய், திரையில் பார்த்த படத்தைத் தன் போனில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தேதியோடு இருக்கட்டும். நாளைக்கு வேறு ஊரில் வேறு ஒருவர் காதைப் பார்த்து இந்தத் திட்டைச் சுட்டிக்காட்டினால், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.